கேம் மோடிங்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், விவேக் நகர், எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே போனாலும், நான் கேம்களை மோட் செய்கிறவன் என்று தெரிந்துவிட்டால் பேச்சு அதில்தான் வந்து நிற்கும். அபார்ட்மென்ட் பையன்கள், பிஜியில் தங்கி ஐடி வேலைக்குப் போகிறவர்கள், சில அம்மாக்கள் என்று கேட்பவர்கள்தான் வேறு, சந்தேகங்கள் ஒன்றேதான். அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானது முதலில், சிக்கலானது பின்னால். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. அண்ணா, வாட்ஸ்அப்ல சுத்துற மோட் ஏபிகேவும் மோடிங்கும் ஒண்ணுதானே?

இல்லை. மோட் ஏபிகே என்பது யாரோ முகம் தெரியாத ஒருவர் ஒரு ஆப்பை உடைத்து, காயினை அள்ளிவிட்டு, விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி கட்டிக் கொடுப்பது. உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமில் படத்தையோ, வசனத்தையோ, வண்டியையோ, விதிமுறையையோ மாற்றுவதும் புதிதாகச் சேர்ப்பதும்தான் மோடிங். பல கேம் நிறுவனங்கள் இதற்கென்றே கருவிகளைக் கொடுக்கின்றன. கவுன்டர் ஸ்ட்ரைக் 1999-ல் ஹாஃப் லைஃப் கேமுக்கான மோடாகத்தான் வெளிவந்தது. வால்வ் நிறுவனம் அதை வாங்கி 2000-ல் தனி கேமாக விற்றது. டோட்டாவும் வார்கிராஃப்ட் 3-க்கு ரசிகர்கள் செய்த மேப்பிலிருந்து வளர்ந்ததுதான்.

2. எனக்கு கோடிங் சுத்தமா வராது. பரவாயில்லையா?

தாராளமாக. பஸ்ஸுக்குப் பெயின்ட் மாற்ற கிம்ப் மாதிரி ஒரு இலவச மென்பொருள் போதும். வசனம் மாற்ற ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் போதும். புது வண்டி, புது வாள் என்றால் முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் இலவசம்தான். கேம் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்ற வேண்டும் என்றால்தான் கோடிங் வருகிறது. ஸ்டார்டியூ வேலிக்கு சி ஷார்ப், மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு ஜாவா.

ஆனால் ஒன்று. எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதன் உண்மையான பெயர் என்ன, எந்த பதிப்பு என்று பார்க்கும் பொறுமை இல்லாவிட்டால் கோடிங் தெரிந்தும் பயனில்லை. ஐடியில் இருக்கும் நண்பர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். படிக்காமலே அடுத்த பட்டனை அழுத்துகிற பழக்கம்.

3. எந்த கேம்ல ஆரம்பிக்கலாம்?

ஏற்கனவே நன்றாக விளையாடித் தெரிந்த கேமில். மோட் போட்ட பிறகு எது மாறியிருக்கிறது என்று உங்களுக்குச் சட்டென்று தெரிய வேண்டுமே.

ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 2016-ல் வந்த ஸ்டார்டியூ வேலியைச் சொல்வேன். ஸ்மாப்பி என்ற லோடரை, அதாவது மோட்களைக் கேமில் ஏற்றும் மென்பொருளை, போட்டுவிட்டால், மோட்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் அந்த ஃபோல்டரைத் தூக்கிவிட்டால் கேம் பழையபடி ஆகிவிடும். அடுத்தது மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு. வண்டிப் பைத்தியம் என்றால் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. ஸ்கைரிமை முதல் கேமாக எடுக்காதீர்கள். மோட்கள் கடல் போலக் கிடக்கின்றன, ஆனால் எது எதற்கு மேலே ஏற வேண்டும் என்ற வரிசைக் கணக்கிலேயே வார இறுதி போய்விடும்.

4. என் லேப்டாப்ல 4 ஜிபி ரேம்தான். எஸ்.பி. ரோடுக்குப் போயே ஆகணுமா?

ஸ்டார்டியூ வேலிக்கு 2 ஜிபி ரேம், 500 எம்பி இடம் இருந்தாலே போதும். அதற்காகக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு வரை அலைய வேண்டாம். மைன்கிராஃப்டில் நூறு மோட் அடங்கிய பெரிய தொகுப்பு ஓட்ட ஆசைப்பட்டால் 4 ஜிபி மூச்சு வாங்கும்.

அப்படிப் போவதென்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. மாற்ற முடிகிறதிலும் டிடிஆர்3 வகை ரேமின் இடத்தில் டிடிஆர்4 வகை பொருந்தாது. இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓட்டிக்கொண்டிருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு.

5. கம்ப்யூட்டரே இல்ல, போன் மட்டும்தான். வழி இருக்கா?

இருக்கிறது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கேமை நம் பையன்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையே இல்லை. 2017-ல் மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் வெளியிட்டது. பஸ்ஸின் மேல் ஒட்டும் லிவரி ஒரு சாதாரண படக் கோப்புதான். சேலம் போகிற நம்ம அரசு பஸ்ஸையும் கர்நாடகாவின் ஐராவத்தையும் அதில் ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

முதல் லிவரி செய்யும்போது எல்லோருக்கும் நடப்பது இது: பக்கவாட்டில் எழுதிய ஊர்ப்பெயர், மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வரும், அல்லது பாதி எழுத்து கதவில் வெட்டுப்படும். காலி டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறமும் ஒரு எண்ணும் போட்டு ஒருமுறை பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். எந்தச் சதுரம் பஸ்ஸின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று புரிந்துவிடும். கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலுக்கு டெக்ஸ்சர், அதாவது மேலே போர்த்தும் படம், செய்வதும் இதே வேலைதான்.

6. தம்பி, பையன் என்னென்னமோ டவுன்லோட் பண்றான். வைரஸ் வராதா?

வர வாய்ப்பு உண்டு, மறைக்க விரும்பவில்லை. நெக்ஸஸ் மோட்ஸ், மோட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ், ஸ்டீம் வொர்க்‌ஷாப் ஆகியவை பெரிய, பழகிய தளங்கள். அங்கேயும் நூறு சதவீத உத்தரவாதம் கிடையாது. 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜில் சில மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் ஃபிராக்சரைசர் என்ற தீம்பொருள் புகுந்தது. பிரவுசரில் சேமித்த குக்கிகளையும் டிஸ்கார்ட், மைன்கிராஃப்ட் கணக்குச் சாவிகளையும் திருடுவதுதான் அதன் வேலை.

வீட்டில் செய்யக்கூடியது: பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி விண்டோஸ் கணக்கு கொடுங்கள். அம்மா அப்பாவின் நெட் பேங்கிங் அந்தக் கணக்கில் வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவு என்று சொல்லும் வீடியோ, பாஸ்வேர்டு போட்ட ஜிப், படம் மாற்றுகிற மோடுக்கு எக்ஸி (தானே ஓடும் நிரல்) ஃபைல், இந்த மூன்றையும் பார்த்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. நேற்று பதிவேறிய மோடைவிட, பல மாதமாகப் பலர் பயன்படுத்திக் கருத்து எழுதியிருக்கும் மோட் நல்லது.

7. ஆபீஸ் லேப்டாப்ல செமையா ஓடும். அதுல பண்ணட்டா?

வேண்டாம். நிறுவும் ஒவ்வொன்றும் ஐடி டீமுக்குத் தெரியும்படி மென்பொருள் வைத்திருப்பார்கள். 6-ல் சொன்ன மாதிரி ஏதாவது புகுந்தால் திருடு போவது உங்கள் சேவ் கேம் மட்டுமல்ல, கம்பெனி லாகினும்தான்.

8. மோட் மேனேஜர் கண்டிப்பா வேணுமா?

மோட்களைப் போடவும் எடுக்கவும் வரிசைப்படுத்தவும் உதவும் மென்பொருள்தான் மோட் மேனேஜர். வேண்டுமா என்பது கேமைப் பொறுத்தது. ஸ்டார்டியூ வேலிக்குத் தேவையில்லை. ஸ்கைரிம் மாதிரி கேம்களுக்கு இல்லாமல் முடியாது. மோட் ஆர்கனைசர் 2-ன் சிறப்பு, அது கேம் ஃபோல்டரில் கை வைப்பதில்லை. மோட்களைத் தனியே வைத்துக்கொண்டு, கேம் ஓடும்போது மட்டும் அவை கேம் ஃபோல்டரில் இருப்பதாகக் காட்டும். ஒரு மோடை எடுக்க டிக்கை எடுத்தால் போதும்.

9. வீடியோல சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன். கேம்ல ஒண்ணுமே மாறலையே?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முதல் சந்தேகம், ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ஜிப்பைப் பிரிக்கும்போது விண்டோஸ் ஜிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கும், அதற்குள் மோடின் ஃபோல்டர் இருக்கும். ஸ்மாப்பி இதைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் எல்லா கேமும் அப்படி இல்லை.

இரண்டாவது, ஃபைல் பெயரின் வால். மோட்களில் அதிகம் வரும் ஜேசன் (.json) வகை ஃபைலை நோட்பேடில் எழுதி, அந்த வாலோடு பெயர் கொடுத்துச் சேமிப்பீர்கள், நோட்பேட் கடைசியில் சத்தமில்லாமல் டிஎக்ஸ்டி (.txt) என்று ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டுவதால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். மோடிங் தொடங்கும் நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை இது என்பேன்.

அப்புறம் லோடர். கேம் வாங்கி ஓட்டும் ஸ்டீம் மென்பொருளில் வழக்கமான பிளே பட்டனை அழுத்தினால், லான்ச் ஆப்ஷனில் ஸ்மாப்பியைக் குறிப்பிடாதவரை, மோட் இல்லாத கேம்தான் திறக்கும். ஸ்மாப்பி வழியாகத் திறந்தால் கூடவே ஒரு கருப்பு ஜன்னல் வரும். அது வரவில்லை என்றால் மோடைக் குறை சொல்லிப் பயனில்லை. மைன்கிராஃப்டில் ஃபோர்ஜ், ஃபேப்ரிக் என்று வெவ்வேறு லோடர்கள் உண்டு. ஃபோர்ஜுக்கு எழுதிய மோட் ஃபேப்ரிக்கில் ஓடாது, பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். யூரோ டிரக்கில் மோட் ஃபோல்டர் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கிறது. உங்கள் டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவுக்கு மாற்றப்பட்டிருந்தால், நீங்கள் போட்ட இடம் ஒன்று, கேம் பார்க்கும் இடம் வேறாக இருக்கலாம்.

10. கேம் திறந்த உடனே கிராஷ் ஆகுது. எந்த மோட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் லாகை, அதாவது நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவை, திறந்து படியுங்கள். ஸ்மாப்பியின் கருப்பு ஜன்னலில் சிவப்பு எழுத்தில் எந்த மோட், என்ன குறை என்று பெரும்பாலும் பெயரோடு சொல்லியிருக்கும். இன்னொரு மோட் தேவை, அதைக் காணோம் என்பதுதான் வழக்கமான புகார். மைன்கிராஃப்டிலும் கிராஷ் ரிப்போர்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டு.

லாகில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் மோட்களில் பாதியை வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு எடுத்த பாதியில், ஓடாவிட்டால் இருக்கிற பாதியில். மறுபடி பாதி. 64 மோட் இருந்தாலும் ஆறு முறையில் குற்றவாளி சிக்கிவிடும். ஒன்றையொன்று நம்பியிருக்கும் மோட்களைப் பிரிக்காமல் ஒரே பக்கம் வையுங்கள்.

ஸ்டீமில் வெரிஃபை செய்தால் கேமின் சொந்த ஃபைல்கள் பழையபடி வரும். ஆனால் நீங்கள் புதிதாகப் போட்ட ஃபைல்களை அது நீக்காது, அவற்றை நீங்களேதான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்வதற்கு முன் சேவ் ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மோட் சேர்த்த பொருட்களோடு சேமித்த ஆட்டம், மோடை எடுத்த பிறகு ஒழுங்காகத் திறக்காமல் போவது உண்டு.

11. சரி, சொந்தமா ஒண்ணு பண்ணணும். எதுல தொடங்குறது?

ஒரே ஒரு வசனத்தை மாற்றுங்கள். ஸ்டார்டியூ வேலியில் கன்டென்ட் பேட்சர் என்ற மோடைப் போட்டுக்கொண்டால் கோடிங்கே தேவையில்லை. ஒரு புது ஃபோல்டர், அதற்குள் இரண்டு ஜேசன் ஃபைல்கள். மேனிஃபெஸ்ட் என்ற முதல் ஃபைலில் மோடின் பெயர், உங்கள் பெயர், பதிப்பு எண், வேறு யாருக்கும் இல்லாத ஒரு அடையாளப் பெயர், இது கன்டென்ட் பேட்சருக்கானது என்ற குறிப்பு. கன்டென்ட் என்ற இரண்டாவதில் எந்தப் பாத்திரத்தின் வசனக் கோப்பு, அதில் எந்த நாளின் வரி, புது வரி என்ன என்பது. தச்சுவேலை பார்க்கும் ராபினின் திங்கட்கிழமை வரியை மாற்றி, சில்க் போர்டு டிராஃபிக்கைப் பற்றி அவள் புலம்பும்படி செய்யலாம். தமிழ் எழுத்து வேண்டாம், இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள். காரணம் 14-ல்.

ஃபைலை எழுதியதும் ஒரு ஜேசன் சரிபார்ப்பான் வழியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலே போச்சு. வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடும், ஜேசனுக்கு நேர்க்குறிகள்தான் ஆகும். கேமில் திங்கட்கிழமை போய்ப் பேசியும் பழைய வசனமே வந்தால் பதற வேண்டாம். அந்தப் பருவத்துக்கோ, உங்கள் நட்பு அளவுக்கோ என்று தனி வரி ஒன்று இருந்தால் கேம் அதைத்தான் எடுக்கும்.

இது ஓடிய பிறகு, உங்களுக்குப் பிடித்த ஒரு சிறிய மோடைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். நூறு வீடியோ பார்ப்பதைவிட இது பலன் தரும்.

12. அப்டேட் வந்துச்சு, மொத்தமும் போச்சு. தடுக்க முடியாதா?

தள்ளிப்போடலாம். ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று வைக்கலாம். அப்புறம் ஸ்டீம் வழியாக இல்லாமல் லோடர் வழியாகவே திறக்கலாம். படம், வசனம் மாற்றும் மோட்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். கேமின் எக்ஸி ஃபைலையே பிடித்துத் தொங்கும் மோட்கள்தான் விழும். 2021 நவம்பரில் ஸ்கைரிமுக்கு ஆண்டுவிழா அப்டேட் வந்தபோது, ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற லோடரை நம்பிய மோட்கள் வரிசையாகப் படுத்தன. லோடர் புதுப்பிக்கப்படும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மோட் எழுதியவரை கமென்ட்டில் போய்த் திட்டாதீர்கள், அவர் சம்பளத்துக்குச் செய்யவில்லை.

13. ஆன்லைன்ல விளையாடினா பேன் பண்ணிடுவாங்களா மச்சி?

அடுத்தவரோடு போட்டி போடும் கேமில் மோட் போட்டால், ஆமாம். நீங்கள் துப்பாக்கியின் நிறத்தைத்தான் மாற்றினீர்கள் என்று ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் ஆன்டி சீட் மென்பொருளுக்கு எடுத்துச் சொல்ல முடியாது. ஜிடிஏ 5-ல் கதையை மட்டும் மோட் செய்யுங்கள், ஆன்லைன் பக்கம் போகும்போது மோட் இல்லாத கேமைத் திறங்கள். ஜிடிஏ 5 மோட்கள் பலவும் நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட் ஹூக் வி, நீங்கள் ஆன்லைனுக்குப் போனால் கேமையே மூடிவிடும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து விளையாடும் ரோல்பிளே சர்வர்கள் ஓடும் ஃபைவ்எம் வேறு கதை. அது தனி ஏற்பாடு. அதை நடத்திய குழுவையே 2023-ல் ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மைன்கிராஃப்டோ ஸ்டார்டியூவோ விளையாடுவதில் இந்தப் பயம் இல்லை. எல்லோரிடமும் அதே மோட், அதே பதிப்பு இருந்தால் சரி.

14. கேமையே தமிழ்ல மாத்தணும்னு ஆசை. ஏன் யாரும் பண்ணல? எழுத்தெல்லாம் ஏன் உடையுது?

மொழிபெயர்ப்பைவிட எழுத்தைத் திரையில் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. முதல் தடை, கேமின் ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே இருக்காது. அதைச் சேர்த்தாலும் இரண்டாவது தடை வரும். யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பது எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத கேம், வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு வலப்பக்கம் போய் உட்காரும். "கொ" என்றால் இன்னும் மோசம், ஒரு குறி எழுத்தின் இருபுறமும் பிரிய வேண்டும். கேம்களை உருவாக்கும் என்ஜின்களில் கோடோ 4, அன்ரியல் ஆகியவற்றில் இதற்கு வசதி உண்டு. யூனிட்டி என்ஜினில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தானாக இதைச் செய்வதில்லை.

ஒரு பழைய வழி இங்கே கைகொடுக்கும். டிடிபி கடைகளில் பாமினி ஃபான்ட் பார்த்திருப்பீர்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சின்ன எழுத்தில் அடித்தால் "தமிழ்" என்று தெரியும். கொம்பை நாமே முதலில் அடிக்கிறோம், ஆகவே கேம் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. வசனங்களை யூனிகோடில் எழுதி, கடைசியில் பாமினிக்கு மாற்றி, கேமின் ஃபான்ட்டையும் அதே அமைப்புள்ள ஒன்றாக மாற்றினால் எழுத்து உடையாது. அந்த ஃபான்ட்டைப் பகிர உரிமம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஆட்டக்காரர் தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் அது தமிழ்க் குறிகளாகத் தெரியும் என்ற தொல்லையும் உண்டு. நீளத்தையும் கவனியுங்கள். நாலு எழுத்து ஆங்கிலப் பட்டனுக்குள் "வெளியேறு" அடங்காது.

யாரும் பண்ணவில்லை என்பதும் சரியில்லை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததுதான். பழக விரும்பினால் அங்கிருந்து தொடங்கலாம்.

15. வேற கேம்ல இருந்து பஸ் மாடலை உருவி என் மோட்ல போட்டா யாருக்குத் தெரியப் போகுது?

தெரியும். வெள்ளிக்கிழமை பதிவேற்றினால் திங்கட்கிழமைக்குள் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள், மோடைத் தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். ஒரு கேமின் மாடலை இன்னொரு கேமுக்கு மாற்றுவதைப் பெரிய தளங்கள் ஏற்பதில்லை. இன்னொருவரின் மோடிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் நெக்ஸஸில் ஒவ்வொரு மோடிலும் அனுமதி விவரம் எழுதியிருக்கும், படியுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். கடன் வாங்கியதைப் பெயர் போட்டுச் சொல்வது அனுமதிக்கு மாற்று ஆகாது.

16. கேம் ரேடியோல தமிழ்ப் பாட்டு போடலாமா?

உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் காதுக்கு, போடலாம். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் யூசர் டிராக்ஸ் ஃபோல்டரும் யூரோ டிரக்கில் மியூசிக் ஃபோல்டரும் அதற்காகவே இருக்கின்றன. பாட்டோடு சேர்த்து மோடைப் பதிவேற்றாதீர்கள், அது பாட்டின் உரிமை வைத்திருப்பவருடையது. அந்த ரேடியோ ஓட யூடியூபில் வீடியோ போட்டாலும் காப்பிரைட் கிளெய்ம் வரும்.

17. இதுல காசு வருமா?

டீச்செலவுக்கு வரலாம். நெக்ஸஸில் டவுன்லோடுகளுக்கு ஏற்ப டொனேஷன் பாயின்ட்ஸ் உண்டு, கர்ஸ்ஃபோர்ஜிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. நேரடியாக விற்பது கேமின் நிபந்தனைகளைப் பொறுத்தது. மைன்கிராஃப்ட் ஜாவா மோடைக் காசுக்கு விற்கக் கூடாது என்று அதன் ஒப்பந்தமே சொல்கிறது. 2015 ஏப்ரலில் ஸ்டீமில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்கும் திட்டம் வந்து, எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. வேலையில் இருப்பவர்கள் தங்கள் ஆஃபர் லெட்டரில் வேறு வருமானம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

18. மோட் பண்ணத் தெரிஞ்சா கேம் கம்பெனியில வேலை கிடைக்குமா?

மோட் மட்டும் வைத்து யாரும் கூப்பிட்டு வேலை கொடுப்பதில்லை. ஆனால் காட்டுவதற்கு ஒரு வேலை கையில் இருக்கும். இந்த ஊரில் அதற்கு இடமும் உண்டு. 1997-ல் தொடங்கிய த்ருவா இன்டராக்டிவ் பெங்களூர் நிறுவனம்தான், அதை 2019-ல் ராக்ஸ்டார் வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது.

காட்டும்போது பத்து அரைகுறை மோட்களைக் காட்டாதீர்கள். முடித்து வெளியிட்ட ஒன்று போதும். அதில் எது நீங்கள் செய்தது, எது பிறருடையது என்று தெளிவாக எழுதுங்கள். 3டி வேலைக்கு என்றால் மாடலின் வயர்ஃபிரேம் (வெறும் கோடுகளாகத் தெரியும்) படமும் டெக்ஸ்சர் தாளும் சேருங்கள். புரோகிராமிங் வேலைக்கு என்றால் மூல நிரலை கிட்ஹப்பில் போட்டு, கேம் அப்டேட்டுகளுக்குப் பிறகும் நீங்கள் அதைச் சரிசெய்துவந்த பதிப்புக் குறிப்புகளை அழிக்காமல் வையுங்கள். இன்டர்வியூவில் பெரும்பாலும் அதிலிருந்துதான் கேட்பார்கள்.